பக்கத்து வீட்டுக்காரரின் கூடை

செப்டம்பர் 12, திங்கள்

ட்ராமில் பாதிப் பேர் கையில் பிரம்புக் கூடை, காலில் ரப்பர் பூட்ஸ். மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது, காட்டில் காளான் முளைத்திருக்கும். வேலைக்குப் போகவேண்டிய இத்தனை பேருக்கும் ஒரே திங்கட்கிழமை காலையில் எப்படி உடம்பு சரியில்லாமல் போனது என்று எங்கள் பர்னோ நகரத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கும் கடைசி நிறுத்தம் வரை அவர்களோடு போய்விட ஆசையாக இருந்தது. ஆனால் நான்காம் வருட ஆராய்ச்சி மாணவிக்கு ஒரு மேசை இருக்கிறது, மேசைக்கு எதிரே லுபோர் இருக்கிறான்.

லுபோர் ஸ்லோவாக்கியாக்காரன். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன், ஆய்வேட்டின் மூன்று அத்தியாயமும் முடித்துவிட்டான். ஒவ்வொரு திங்களும் ஒரே கேள்விதான் கேட்பான்.

"என்ன வெந்துலா, மூணாவது பொறந்துச்சா?"

"வலி எடுத்திருக்கு. தண்ணி கொதிக்க வை."

இன்று பொய் சொல்லவில்லை. என் ஆய்வு நெறியாளர் ஹினெக் சார் சம்மதித்துவிட்டார். என் ஆய்வு இதுதான்: ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளச் செலவாகும் என்றால், மனிதன் எவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு போதும் என்று நிறுத்தி முடிவெடுப்பான்? மூன்று வருடமாக மாணவர்களைத் திரை முன் உட்கார வைத்துச் சிவப்புப் பந்து, நீலப் பந்து காட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்களும் கொட்டாவி விடுகிறார்கள், நானும் விடுகிறேன். பந்துக்குப் பதில் காளான் வைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"பந்தப் பாத்து யாரும் பயப்படறதில்ல, வெந்துலா. காளான்னா பயம் இருக்கும். காசு குடுத்தாவது விசாரிப்பாங்க. செய்ங்க. ஆனா ஜனவரில முன்தேர்வு, ஞாபகம் இருக்கில்ல?"

இருக்கிறது. ஜனவரி முன்தேர்வில் மூன்றாவது அத்தியாயம் முடிவுகளோடு இருக்கவேண்டும். இல்லையென்றால் வசந்தத்தோடு உதவித்தொகை நின்றுவிடும், ஆய்வும் நின்றுவிடும். காளான் பருவமோ முதல் உறைபனி விழுந்ததும் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே எழுதிவைக்கிறேன், இங்கேதான் எழுதமுடியும். இரண்டாவது அத்தியாயத்துக் கணிதத்தில் 'இதிலிருந்து எளிதாகக் காணலாம்' என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். எனக்கு எளிதாகவும் தெரியவில்லை, கஷ்டப்பட்டும் தெரியவில்லை. இந்தத் துறையில் எல்லாரும் அந்த வரியைப் போட்டுத் தாண்டுகிறார்கள், நானும் தாண்டிவிட்டேன். லுபோரைக் கேட்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு பார்க்கலாம்.

செப்டம்பர் 14, புதன்

போன குளிர்காலத்துக்கு என்று பார்க்க ஆரம்பித்த குளிர்கோட்டுகளை வாங்காமல் இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எப்போது நிறுத்துவது என்பதில் நான்தான் நிபுணர்.

செப்டம்பர் 18, ஞாயிறு

சொந்த ஊரான த்ரெபீச் போய் அப்பாவோடு காட்டுக்குள் நுழைந்தேன். அப்பா ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், நேராக ஓட்டியே பழகியவர். காட்டு விஷயத்தில் மட்டும் வளைந்து வளைந்து போவார். காரைத் தான் காளான் பறிக்கும் இடத்துக்கு அருகில் நிறுத்தவே மாட்டார். நேர் எதிர்த் திசையில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் திரும்பி நடக்கவேண்டும். காரைப் பார்க்கிறவர்கள் தப்பான இடத்தில் தேடட்டும் என்று. பக்கத்து வீட்டு ஸ்பினெக்கும் அதையேதான் செய்கிறார், மறுபக்கத்தில். இருவரும் நடுக்காட்டில் எதிர்ப்பட்டார்கள். இரண்டு கூடையும் மேலே பெரணி இலை போட்டு மூடியிருந்தது.

"ஒண்ணுமே இல்லப்பா," என்றார் ஸ்பினெக்.

"காஞ்சு கெடக்கு," என்றார் அப்பா.

இருவரும் கையைக் குலுக்கிக்கொண்டு போனார்கள். இருபத்தைந்து வருட நட்பு இப்படித்தான் நடக்கிறது.

மத்தியானம் அப்பாவே சமைத்தார், காளான் போட்ட பாலேட்டுக் குழம்பும் மாவு உருண்டையும். முதல் வாய் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனையும் கசப்பு. கசப்பன் ஒன்று விழுந்திருக்கிறது. பார்க்க நல்ல தடித்தண்டுக் காளான் மாதிரியே இருக்கும், ஒன்றே ஒன்று போதும், முழுச் சட்டியும் வேப்பங்காய்தான்.

"அப்பா, இதுல கசப்பன் இருக்கு."

"எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா பறிக்கறேன்."

"தெரிஞ்சா போட்டீங்க?"

"கொஞ்சம் கசந்தாத்தான் வயித்துக்கு நல்லது. சாப்பிடு."

தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார், ஒரு முகச்சுளிப்பு இல்லை. நான் உருண்டையை மட்டும் சாப்பிட்டேன். சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குப் போனேன், அங்கே போனதும் சிரிப்பு வரவில்லை.

அம்மா இருந்தவரை இந்த வீட்டில் கசப்பன் விழுந்ததில்லை. கழுவித் தருகிறேன் என்று சொல்லிக் கூடையைச் செய்தித்தாள் மேல் கொட்டுவாள். சந்தேகமானதை எல்லாம் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியில் தள்ளிக் குப்பையில் போடுவாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு முறை என்னைப் பார்த்துக் கண்ணடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தான் ஒரு தடவைகூடத் தப்பாகப் பறித்ததில்லை என்று அப்பா இன்றைக்கும் நம்புகிறார். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. கசப்பன் வாயைத்தான் கெடுக்கும். பச்சைத்தலை விஷக்காளான் ஈரலைக் கெடுத்துவிடும்.

கிளம்பும்போது சொல்லிப் பார்த்தேன். "பர்னோல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா, கூடையப் பாத்துச் சொல்லுவா. ஒரு தடவ காட்டலாமேப்பா."

"எதுக்கு? நான் என்ன டவுன்காரனா?"

செப்டம்பர் 26, திங்கள்

நான் சொன்ன 'தெரிஞ்ச ஒருத்தி' ஸ்தாஸ்கா. பகலில் மருந்துக்கடையில் இருப்பாள். பருவத்தில் திங்கட்கிழமை சாயங்காலம் நூலகத்துக் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, வருகிறவர்களின் காளான் கூடையைப் பார்த்து எது சாப்பிடலாம், எது கூடாது என்று இலவசமாகச் சொல்வாள். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு மேசை உண்டு. சோதனைக்கு வேண்டிய படங்கள் அவளிடம்தான் வாங்கினேன். ஜோடி ஜோடியாக, ஒன்று நல்லது, ஒன்று கெட்டது, மேலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

"மேல இருந்து பாத்து இத யாராலயும் சொல்ல முடியாதுடி. என்னாலயே முடியாது. திருப்பிப் பாத்தாத்தான் தெரியும்."

அதுதான் வேண்டும். திருப்பிப் பார்ப்பதற்குத்தான் விலை வைத்திருக்கிறேன். ஆளுக்குப் பத்து டோக்கன். சரியான காளானைச் சொன்னால் மூன்று கூடும், தப்பாகச் சொன்னால் மூன்று போகும். அடிப்பக்கப் படம் வேண்டுமென்றால் 'துப்பு' என்ற பொத்தானை அழுத்தலாம், ஒரு டோக்கன். அது போதாதென்றால் தண்டின் படம், இன்னொரு டோக்கன். மிச்ச டோக்கனுக்கு வெளியே கடையில் சாசேஜும் பியரும். என் கணக்குப்படி புத்தியுள்ளவர்கள் எல்லாரும் ஒரு துப்பாவது வாங்கவேண்டும்.

அக்டோபர் 1, சனி

என் ஆராய்ச்சி வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான நாள் வந்ததில்லை.

த்ரெபீச் கலாச்சார மண்டபத்தில் வருடாந்திரக் காளான் கண்காட்சி. நீள மேசைகளில் பாசி பரப்பி, அதன் மேல் காளான்களை வரிசையாக நட்டு, பக்கத்தில் பெயர்ச்சீட்டு. மண்டபம் முழுக்க மழையில் நனைந்த காட்டு வாசனை. நானும் லுபோரும் மூலையில் நான்கு மடிக்கணினி வைத்தோம். பத்து நிமிடத்தில் கூட்டம் மொய்த்தது. பந்து காட்டினால் கெஞ்சிக் கூப்பிடவேண்டும். இங்கே வரிசையில் சண்டை போட்டார்கள். உட்கார்ந்தவருக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று எட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லுபோர் என் காதில், "இனிமே எல்லா அத்தியாயத்துக்கும் காளான்தான்," என்றான்.

அப்பா டை கட்டிக்கொண்டு வந்தார். ஸ்பினெக்கும் வந்தார். அப்பா உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வினாடிகூட எடுக்காமல் அழுத்தித் தள்ளினார். டோக்கன் எல்லாம் போயிற்று.

"போட்டோ சரியில்ல," என்றார் எழுந்து.

"உங்க கண்ணாடி சரியில்ல," என்றார் ஸ்பினெக். அவர் உட்கார்ந்தார், அவர் டோக்கனும் போயிற்று.

"போட்டோதான் சரியில்ல," என்றார் ஸ்பினெக்.

இருவருக்கும் நான்தான் சாசேஜ் வாங்கிக் கொடுத்தேன். அப்பா கடுகை நிறையத் தடவிக்கொண்டு, "நல்ல கூட்டம்," என்றார். என் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை.

அக்டோபர் 2, ஞாயிறு

துப்பு யாரும் வாங்கவில்லை.

காலையில் தரவைத் திறந்தேன். துப்பு வாங்கிய கணக்கு வரும் வரிசை முழுக்கப் பூஜ்யம். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன், பூஜ்யம். வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கை தவறி அழுத்திவிட்டேன் என்று நேற்றே என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டவர். இன்னொருவர் ஜெர்மனியிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்.

பதில்களோ பாதிக்குப் பாதி தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே முடிவுதான். ஒரு டோக்கன், ஒரே ஒரு டோக்கன் கொடுத்திருந்தால் போதுமே... எதுக்கு இப்படிப் பண்றாங்க? பொத்தான் வேலை செய்யலையா? கண்ணுக்குத் தெரியலையா? அவ்ளோ பெருசா வெச்சேனே.

அக்டோபர் 3, திங்கள்

பொத்தான் வேலை செய்கிறது. லுபோர் இருபது தடவை அழுத்திப் பார்த்தான்.

"உங்க நாட்டுக்காரங்க எல்லாம் தெரிஞ்சு பொறந்தவங்க. கோட்பாட்டுல அதுக்கு இடம் இருக்கு. வாழ்த்துகள்."

"போடா."

ஹினெக் சார் பூஜ்யங்களை நிதானமாகப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "துப்போட விலை அதிகமோ?" என்றார். பாதி சாசேஜ் விலைகூட இல்லை என்றேன். "பந்துக்கே திரும்பிடலாமா?" என்றார். பந்துக்குத் திரும்பினால் ஜனவரிக்குள் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். "யோசிங்க," என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அக்டோபர் 6, வியாழன்

துப்பை இலவசமாக்கித் துறை மாணவர்களிடம் காட்டினேன். இலவசமாகவும் யாரும் தொடவில்லை. ஒருத்தி மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையைப் பொத்தான் வரை கொண்டுபோய், பின்னால் தோழி நிற்பதைக் கண்டு எடுத்துக்கொண்டாள்.

அப்படியானால் விலை டோக்கனில் இல்லை. வேறு எதிலோ இருக்கிறது. எதில்?

அக்டோபர் 10, திங்கள்

ட்ராமில் எழுதுகிறேன். என் நிறுத்தம் போய்விட்டது, போகட்டும்.

படங்களைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனேன். ஸ்தாஸ்கா மேசைக்கு முன் வரிசை. "உக்காரு, முடிச்சுட்டு டீ குடிக்கலாம்," என்றாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு அம்மாள். கூடையை வைத்தவுடனே, "இது என்னோடது இல்லீங்க. பக்கத்து வீட்டுக்காரர் குடுத்தாரு. எனக்குத் தெரியும், அவருக்குத்தான் சந்தேகமா இருக்காம்."

அடுத்து தொப்பி வைத்த ஒருவர். "பக்கத்து வீட்டுக்காரரோடது. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாரு, நீங்க சொன்னா நம்புவாரு."

மூன்றாவது ஆள் முழங்காலில் ஈர மண், தலைமுடியில் பைன் ஊசி, இடுப்பில் காளான் கத்தி. கூடையை வைத்தார். "இது வந்து... எங்க பக்கத்து வீட்டுக்காரரு..."

எனக்குத் தாங்கவில்லை. மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். ஸ்தாஸ்கா முகம் கல் மாதிரி இருந்தது. "உங்க பக்கத்து வீட்டுக்காரர் இத எந்த மரத்தடில பறிச்சாரு?"

"ஓக் மரத்தடில. மேடா இருக்கும், வெயில் படற பக்கம்."

"நல்ல பக்கத்து வீட்டுக்காரர். எல்லாத்தையும் வெவரமா சொல்லியிருக்காரு. இந்த மூணத் தூக்கிப் போடச் சொல்லுங்க. மத்தது அருமை."

அவர் நிம்மதியாகப் போனார். எல்லாரும் போன பிறகு கேட்டேன், எப்போதுமே இப்படித்தானா என்று.

"இந்த நகரத்துல காளான் பறிக்கறதே பக்கத்து வீட்டுக்காரங்கதான்டி. மத்தவங்க எல்லாம் கூடை தூக்கறவங்க. ஏன் இப்படிப் பாக்கற?"

அப்படித்தான் பார்த்திருப்பேன். எனக்கு அந்தக் கலாச்சார மண்டபம் ஞாபகம் வந்தது. ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் பத்துப் பேர். துப்பு என்ற பெரிய பொத்தான். அதை அழுத்தினால் ஊரே பார்க்கும், இவருக்குக் காளான் தெரியாது என்று. இந்த நாட்டில் காளான் தெரியாது என்று ஒத்துக்கொள்வதைவிடப் பத்து டோக்கனையும் தோற்பது மேல். நான் இதே மண்ணில் பிறந்து, கசப்பன் குழம்பை வழித்துச் சாப்பிட்ட மனிதரின் மகளாக இருந்து, பொத்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்தேனே. அவர்கள் ஒன்றும் முட்டாள்தனம் செய்யவில்லை. விலையைத்தான் நான் தப்பாக எழுதியிருந்தேன்.

ஸ்தாஸ்காவைக் கட்டிப்பிடித்துவிட்டு டீ குடிக்காமல் ஓடிவந்துவிட்டேன்.

அக்டோபர் 11, செவ்வாய்

இருபத்திரண்டாம் தேதி யிஹ்லவாவில் இந்தப் பருவத்தின் கடைசிக் கண்காட்சி. அதற்குப் பிறகு பனிதான்.

திட்டம்: எல்லாம் பழையபடி, அதே படம், அதே டோக்கன், அதே கூட்டம். ஒரே ஒரு வரி புதிது. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் திரையில் 'இது உங்கள் கூடை' என்று வரும். மீதிப் பேருக்கு 'இது உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கூடை, அவருக்காகப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று வரும்.

லுபோர் நம்பவில்லை. "ஜெயிச்சாலும் தோத்தாலும் டோக்கன் அவங்களோடதுதானே? கூடை யாரோடதா இருந்தா என்ன? புத்தியுள்ளவன் மாறமாட்டான்."

"பந்தயமா?"

"அன்னிக்கு சாசேஜ் பூரா என் செலவு."

ஹினெக் சார் வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் மீசையைத் தடவினார். போன வாரம் தன் மனைவியின் சகோதரர் பறித்த காளான்களை இதே நூலகத்துக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார். அவர் மனைவிக்குச் சகோதரர் இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 22, சனி

வாங்கினார்கள். வாங்கித் தள்ளினார்கள்.

'உங்கள் கூடை' வந்தவர்கள் த்ரெபீச் மாதிரியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தோற்றார்கள். 'பக்கத்து வீட்டுக்காரர்' வந்தவர்கள் அடிப்பக்கத்தைப் பார்த்தார்கள், தண்டைப் பார்த்தார்கள், இன்னொரு படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பின்னால் அதே பத்துப் பேர் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாருக்கும் கூச்சம் இல்லை. ஒரு அம்மாள் பொத்தானை அழுத்திக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு இது பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. ஆனா அந்த மனுஷன் நம்பணுமே, அதான் அடியையும் பாத்துடறேன்." எந்த மனுஷன்? திரையில் இருக்கிற ஒரு வரி அது. அந்த வரிக்குள் இருந்த மனிதருக்காக அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

மத்தியானத்துக்குள் லுபோர் கிண்டலை நிறுத்திவிட்டான். மூன்று மணிக்குக் கை நிறைய சாசேஜோடு வந்தான். "எங்க ஊர்லயும் இப்படித்தான்," என்றான். "எங்கம்மா டாக்டர்கிட்டப் போனாகூட 'ஒரு சிநேகிதிக்கு முட்டி வலி'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

சாயங்காலம் பித்தளை வாத்தியக்காரர்கள் வந்தார்கள். ஸ்தாஸ்காவோடு போல்கா ஆடினேன், லுபோரோடு ஆடினேன், காளான் கழகத் தலைவரோடும் ஆடினேன். அவர் என் கால் இரண்டையும் மிதித்தார். சந்தோஷத்தில் வலிக்கவில்லை, இப்போது வலிக்கிறது.

நவம்பர் 17, வியாழன்

விடுமுறை, ஆனால் வேலை செய்தேன். கணக்கு முடிந்தது. தெரியாது என்று காட்டிக்கொள்வதன் விலை ஆளுக்கு மூன்று டோக்கனுக்கும் மேல், துப்பின் விலையைப் போல் மூன்று மடங்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டால் அந்த விலை கிட்டத்தட்ட மறைந்துபோகிறது. அத்தியாயத்துக்கு 'வெட்கத்தின் விலை' என்று பெயர் வைத்தேன்.

லுபோருக்குச் செய்தி அனுப்பினேன்: பொறந்துடுச்சு. அவன் பதில்: யார் ஜாடை? நான்: பக்கத்து வீட்டுக்காரர் ஜாடை. அனுப்பிய பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று உறைத்தது. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

டிசம்பர் 24, சனி

த்ரெபீச். கெண்டை மீன் வறுவல், உருளைக்கிழங்கு சாலட், பார்லியும் காய்ந்த காளானும் போட்ட கூபா. காளான் அப்பா காயவைத்தது. ஜாடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காய்ந்த பிறகு எதுவும் அடையாளம் தெரியாது. மூன்று கரண்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். கசக்கவில்லை, அருமையாக இருந்தது. அம்மா செய்வதைவிடப் பூண்டு கொஞ்சம் தூக்கல்.

சாப்பாட்டுக்கு நடுவில், அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். கண்காட்சியில் துப்பு யாரும் வாங்காதது, நூலகத்து மேசை, அந்த ஒரு வரி, எல்லாம். அப்பா மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் பெரிய முட்டாளா இருப்பான் போல," என்றார்.

"எல்லா ஊர்லயும் இருக்காருப்பா."

"இருப்பான் இருப்பான்."

ஸ்பினெக் ஒரு டப்பா பிஸ்கட்டோடு வந்தார். வீட்டை விற்றுவிட்டாராம், ஈஸ்டருக்கு ஒலோமோட்ஸில் மகள் வீட்டோடு போய்விடுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து பிளம் சாராயம் குடித்தார்கள். "எனக்கு இனிமே காட்டுல பொய் சொல்ல ஆளு வேணுமே," என்றார் அப்பா. ஸ்பினெக் தன் இடம் எங்கே இருக்கிறது என்று கடைசிவரை சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

ஜனவரி 10, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பிரதியை ஒப்படைக்கவேண்டும். கடைசித் தடவையாகப் படித்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது அத்தியாயம். 'இதிலிருந்து எளிதாகக் காணலாம்.'

அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். வெட்கத்தின் விலை என்று முப்பது பக்கம் எழுதியவள், ஒரு வருடமாக ஒரு வரியைக் கேட்கமுடியாமல் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். காரை எதிர்த் திசையில் நிறுத்திவிட்டு.

ஜனவரி 11, புதன்

ஹினெக் சார் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே போகும்வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்தை அவர் முன் வைத்தேன்.

"சார், பக்கத்து மேசைக்காரர் ஒருத்தருக்கு இந்த வரி புரியலையாம்."

அவர் என்னைப் பார்த்தார். வரியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். காது சிவந்தது, அவருக்கு.

"உங்க பக்கத்து மேசைக்காரர்கிட்ட சொல்லுங்க," என்றார் மெதுவாக, "எனக்கும் புரியல. ரெண்டு தடவ படிச்சு ரெண்டு தடவையும் சரின்னு குறி போட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். சத்தம் கேட்டு லுபோர் எட்டிப் பார்த்தான். சார் பக்கத்தை அவனிடம் நீட்டினார். லுபோர் படித்தான், தொண்டையைக் கனைத்தான். "இது... நானும் என் முதல் அத்தியாயத்துல இதையேதான் போட்டிருக்கேன். வெந்துலாவோடத பாத்து."

மூன்று பேரும் கரும்பலகை முன் நின்றோம். சார் கோட்டைக் கழற்றிவிட்டு அடித்து அடித்து எழுதினார், நான் அழித்தேன், லுபோர் திருத்தினான். இருட்டும்போதுதான் வழி தெரிந்தது. வரி தப்பில்லை, ஆனால் ஒரு நிபந்தனை சேர்க்கவேண்டும், அது இல்லாமல் நிற்காது. தேர்வில் யாராவது கேட்டிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். மூன்று பேருக்கும் கை, மூக்கு எல்லாம் சுண்ணாம்பு. இந்த நான்கு வருடத்தில் நான் உண்மையாகவே ஏதோ கற்றுக்கொண்ட மத்தியானம் இது என்று தோன்றியது. சாரிடம் சொல்லியும்விட்டேன்.

இரண்டாவது அத்தியாயத்திலிருந்து 'எளிதாக' என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

ஜனவரி 26, வியாழன்

முன்தேர்வு தேறிவிட்டேன். தேர்வாளர் ஒருவர் எழுந்து, "இது என் நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன்," என்று ஆரம்பித்ததும் அறை முழுக்கச் சிரிப்பு. அவர் கேட்டது அந்த வரியைத்தான்.

வரும் வழியில் முதல் கடையில் முதலில் பார்த்த குளிர்கோட்டை வாங்கினேன். கை கொஞ்சம் நீளம்.

செப்டம்பர் 10, ஞாயிறு

ஆய்வேடு பைண்டிங்கில் இருக்கிறது, இறுதித் தேர்வு அடுத்த மாதம். நேற்று முன்தினம் நல்ல மழை.

காலையில் அப்பா கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது என் பிறந்த நாளுக்கு மட்டும்தான். பயந்துகொண்டே எடுத்தேன். வானிலை பற்றிப் பேசினார், கூரை பற்றிப் பேசினார், காரின் பிரேக் பற்றிப் பேசினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"உன் சிநேகிதி ஒருத்தி இருக்காளே, காளான் பாக்கறவ."

"ஸ்தாஸ்கா."

"அவதான். இங்க நம்ம ஸ்பினெக் ஒரு கூடை கொண்டுவந்து வெச்சிருக்கான். அதுல ரெண்டு மூணு அவனுக்குச் சந்தேகமா இருக்காம். எனக்குத் தெரியும், அவன்தான் நம்பமாட்டேங்கறான். போட்டோ அனுப்பினா அவ பாத்துச் சொல்லுவாளா?"

ஸ்பினெக் ஈஸ்டருக்கே ஒலோமோட்ஸ் போய்விட்டார். சாமான் ஏற்ற நானும்தான் போயிருந்தேன்.

"தாராளமா. அடிப்பக்கமும் தெரியற மாதிரி எடுக்கச் சொல்லுங்கப்பா, அவர."

படங்கள் வந்தன. எங்கள் வீட்டுச் சமையலறை மேசை. அதன் மேல் செய்தித்தாள் விரித்து, காளான்களைப் பிரித்துப் பிரித்து வைத்திருந்தது, அம்மா வைப்பதுபோலவே. ஒரு படத்தின் ஓரத்தில் அப்பாவின் கட்டைவிரல். கொஞ்சம் அழுதேன், சந்தோஷமாகத்தான். ஸ்தாஸ்காவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: எல்லாம் நல்லது, மூன்றாவது மட்டும் கசப்பன்.

அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நானும் அதேதான் நெனச்சேன்," என்றார். "அவன்கிட்ட சொல்லிடறேன்." போனை வைக்கவில்லை. "உனக்கு நன்றி சொல்லச் சொன்னான்."

"பரவால்லன்னு சொல்லுங்கப்பா. எப்ப வேணா கேக்கலாம்னு சொல்லுங்க."

"சொல்றேன்," என்றார் அப்பா.